கிழமைக் கட்டுக்காசா, கூட்டுத் தொழிலா? யாழ்ப்பாணத்து மாதர் சங்கம் ஒன்று போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு

புரட்டாசியில் பனங்கொட்டை சேர்த்துப் பாத்தி போடும் ஒருவர் மார்கழிக் கடைசியிலோ தையிலோ கிழங்கு கிண்டுவார். அவித்து, தோலுரித்து, பீலி எடுத்து, இரண்டாகக் கிழித்துக் கொடியில் காயப்போட்டு, புழுக்கொடியலாக விற்றுக் காசைக் கையில் எடுக்க மாசி, பங்குனி ஆகிவிடும். அவர் அதே புரட்டாசியில் நுண்கடனாக ஒரு இலட்சம் ரூபாய் எடுத்தார் என்று வைத்துக்கொள்வோம். வட்டி 24 வீதம், 52 கிழமையில் கட்டி முடிக்க வேண்டும். கிழமைக் கட்டுக்காசு 2,385 ரூபாய், அதுவும் அடுத்த கிழமையே தொடங்கிவிடும். முதல் புழுக்கொடியல் விலைப்படும் நாளுக்குள் 26 தவணை போயிருக்கும். அது 62,010 ரூபாய். தொழிலில் இருந்து ஒரு சதம்கூட வராத அரை வருடத்தில் இவ்வளவும் எங்கிருந்து வரும்? வாங்கிய கடனில் இருந்துதான் வரும். இல்லாவிட்டால் இன்னொரு கொம்பனியில் எடுக்கும் கடனில் இருந்து வரும். வடக்கில் ஒரு வீட்டில் மூன்று, நான்கு பாஸ் புத்தகங்கள் சேர்ந்ததற்கு ஊதாரித்தனத்தைக் காரணம் சொல்வது பெரும்பாலும் அநியாயம். வருமானம் வரும் காலமும் தவணை போகும் காலமும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்பதே பல வீடுகளில் நடந்தது.

நுண்கடன் நல்லதா, ஊரார் கூட்டாக நடத்தும் சமூகத் தொழில்முயற்சி நல்லதா என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடைக்காது. இந்தக் குடும்பத்துக்குக் குறைவது எது என்று முதலில் பார்க்க வேண்டும். சரக்கு வாங்கக் கைக்காசு இல்லாமல் இருக்கலாம். சரக்கு இருந்தும் விற்க இடமில்லாமல், அல்லது நியாய விலை கிடைக்காமல் இருக்கலாம். இவை இரண்டுக்கும் முன்னே, இன்றைய சாப்பாட்டுக்கும் மருந்துக்குமே வழியில்லாமல் இருக்கலாம். முதலாவதுக்குக் கடன் உதவும். இரண்டாவதுக்குக் கடன் உதவாது, அங்கே கூட்டாக விற்கும் ஏற்பாடு வேண்டும். மூன்றாவதுக்கு இவை இரண்டும் பொருந்தா.

வட்டிக் கணக்கை முதலில் அவிழ்ப்போம்

கடன் கொடுக்க வருபவர் 24 வீதம் என்று சொன்னால், அது முழுத் தொகைக்கா, குறைந்துபோகும் மீதிக்கா என்று அந்த இடத்திலேயே கேட்க வேண்டும். முழுத் தொகைக்கு என்றால் ஒரு இலட்சத்துக்கு வட்டி 24,000. ஆனால் அந்த ஒரு இலட்சம் வருடம் முழுக்க உங்கள் கையில் இருக்காது. கிழமை தோறும் முதலும் சேர்ந்து திரும்பிக்கொண்டே இருக்கும். வருடம் முழுதுக்கும் சராசரி பார்த்தால் நீங்கள் உண்மையில் வைத்திருந்தது ஏறக்குறைய 51,000 ரூபாய்தான். அந்தக் காசுக்கு 24,000 வட்டி என்றால் உண்மையான வருட வட்டி 45 வீதத்தை ஒட்டி வந்துவிடும். இதோடு ஆவணச் செலவு, காப்புறுதி என்று முன்கூட்டியே 4,000 ரூபாயைக் கழித்துக்கொண்டு 96,000 தந்தால் 50ஐயும் தாண்டும்.

இதையே சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கம் ஒன்று மாதத் தவணையில், குறையும் மீதிக்கு 18 வீதம் என்று தந்தால் வருட வட்டி 9,750 ரூபாய். 24க்கும் 18க்கும் ஆறுதானே வித்தியாசம் என்று காதுக்குக் கேட்கும். கையால் கட்டும்போது ஒன்று 24,000, மற்றது 9,750. சங்கக் கூட்டத்தில் கரும்பலகையில் இந்த இரண்டு தொகையையும் எழுதிக் காட்டினாலே பாதி விவாதம் முடிந்துவிடும்.

சில இடங்களில் இது எவ்வளவு தூரம் போனது என்பதற்குச் சாட்சி உண்டு. 2018 செப்டெம்பரில் இலங்கைக்கு வந்த ஐ.நா. சுயாதீன நிபுணர் ஜுவான் பாப்லோ பொஹோஸ்லாவ்ஸ்கி, சில நுண்கடன்களின் வருட வட்டி 220 வீதம் வரை போயிருந்ததைப் பதிவுசெய்தார். அதே வருடம் அரசாங்கம், வடக்கு மாவட்டங்கள் உட்பட வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில், ஒரு இலட்சத்துக்கு உட்பட்ட கடனை மூன்று மாதத்துக்கு மேல் கட்ட முடியாதிருந்த பெண்களுக்கு நிவாரணம் அறிவித்தது. 2016ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க நுண்நிதியளிப்புச் சட்டத்தின் கீழ் மத்திய வங்கியின் அனுமதி பெற்ற கொம்பனிகள் இருக்கின்றன, அனுமதியே இல்லாமல் ஊருக்குள் கடன் கொடுத்து வசூலிப்போரும் இருக்கிறார்கள். மத்திய வங்கியின் இணையத்தளத்தில் அனுமதி பெற்றவற்றின் பட்டியல் இருக்கிறது. அதில் பெயர் இல்லாத இடத்தில் ஒப்பமிடவே வேண்டாம்.

வட்டியில் தெரியாத இரண்டு செலவுகள் உண்டு. ஒன்று நேரம். குழுக் கூட்டத்துக்குப் போய், எல்லோரும் கட்டி முடியும் வரை இருந்து, வீடு திரும்ப இரண்டு மணித்தியாலம் போனால் வருடத்துக்கு 104 மணித்தியாலம். எட்டு மணித்தியால வேலைநாளாகப் பார்த்தால் 13 நாட்கூலி. மற்றது பிணை. ஐந்து பேர் குழுவில் ஒருவர் கட்டாவிட்டால் மற்ற நால்வரும் கட்ட வேண்டும். 2,385ஐ நால்வர் பிரித்தால் ஆளுக்குக் கூடுதலாக 596 ரூபாய். ஒரு கிழமைக்குத் தாங்கும். நான்கு கிழமை தொடர்ந்தால் அயல்வீட்டோடு கதை நின்றுபோகும். மரண வீட்டுக்கும் கலியாணத்துக்கும் கூடி நின்றவர்கள் படலையைப் பூட்டிக்கொள்ளும் நிலைக்கு வருவதை எந்த வட்டி விகிதத்திலும் எழுதிக் காட்ட முடியாது.

கடன் பொருந்தும் தொழில்கள்

கிராமீன் வங்கியைப் பின்னர் உருவாக்கிய முகம்மது யூனுஸ் 1976இல் வங்காளதேசத்தின் ஜோப்ரா கிராமத்தில் 42 பேருக்கு 27 டொலர் கொடுத்துத் தொடங்கிய கதை எல்லோருக்கும் தெரியும். அவர்களுள் மூங்கில் கதிரை முடைந்த பெண்கள் இருந்தார்கள். மூங்கிலுக்குக் காசு கொடுத்த வியாபாரியே கதிரையையும் தான் வைத்த விலைக்கு வாங்கிக்கொண்டான். அந்தச் சிறு கடன் அவனுடைய பிடியைத்தான் அறுத்தது. பொருள் நாளுக்கு நாள் விற்கக்கூடியதாக இருந்தது, வாங்க ஆளும் இருந்தது, தடையாக நின்றது முதல் ஒன்றுதான். இந்த நிபந்தனைகள் பொருந்தும் இடத்தில் யாழ்ப்பாணத்திலும் நுண்கடன் வேலை செய்யும்.

இடியப்பம், அப்பம் விற்பவர், மீன் வாங்கித் தெருவில் விற்பவர், சிறுகடை, முட்டைக்கோழி ஆகியவற்றில் காசு நாளாந்தம் அல்லது கிழமைக்குள் புரளும். மீன் விற்பவருக்கு 20,000 ரூபாய் போதும். அதற்கு மேல் எடுத்தால் மிச்சம் வீட்டுச் செலவுக்குள் கரையும். பசுமாடு நடுவில் நிற்கும் விடயம். பால் நாளாந்தம் வரும், ஆனால் அடுத்த கன்றுக்கு முன் வற்று மாதங்கள் இரண்டு, மூன்று இருக்கும். அந்த மாதங்களில் தவணை நிறுத்தித் தராத கடனில் மாடு வாங்கினால், வற்றிய காலத்தில் மாட்டையே விற்கும் நிலை வரும். ஆடு அப்படியுமில்லை. சினை ஐந்து மாதம், குட்டி விலைப்பட இன்னும் ஆறேழு மாதம். சின்ன வெங்காயம் கிண்ட 70, 80 நாள் வேண்டும். இவற்றுக்குக் கிழமைத் தவணை கூடவே கூடாது, அறுவடையில் ஒரேயடியாகக் கட்டும் கடன் வேண்டும். தையல் மெஷின் பொங்கல், தீபாவளி, பாடசாலை தொடங்கும் காலங்களில் ஓடும், மற்ற மாதங்களில் மூடித்தான் கிடக்கும்.

கல்கத்தாவில் செய்த ஓர் ஆய்வு இதை நேராகச் சோதித்தது. முதல் தவணைக்கு முன் இரண்டு மாத அவகாசம் பெற்றவர்கள் தொழிலில் கூடுதலாக முதலிட்டு, கூடுதலான இலாபம் எடுத்தார்கள். அவர்களில் கட்டத் தவறியவர்களும் கூடினார்கள். கொம்பனிகள் அவகாசம் தரத் தயங்குவதன் காரணம் இதில் தெரிகிறது. வாங்குபவருக்கு நல்லது கொடுப்பவருக்கு ஆபத்து. அந்த ஆபத்தைத் தாங்கக்கூடியது உறுப்பினரையும் அவருடைய தோட்டத்தையும் நேரில் தெரிந்த ஊர்ச் சங்கம் மட்டுமே. கூட்டுறவுச் சங்கத்தையும், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் சுழற்சிக் கடனையும் முதல் தெரிவாக வைக்க வேண்டும் என்று சொல்வதற்கு வட்டியைவிட இதுவே பெரிய காரணம்.

களுத்துறை, காலி, மாத்தறை மாவட்டங்களில் சிறுதொழில் செய்தவர்களுக்கு 10,000 அல்லது 20,000 ரூபாய் இலவசமாகக் கொடுத்துப் பார்த்த ஆய்வும் நமக்கு முக்கியமானது. எல்லாத் தொழில்களையும் சேர்த்துச் சராசரி பார்த்தால் அந்தக் காசு மாதத்துக்கு ஐந்து வீதத்துக்குக் கிட்டிய வருவாய் தந்தது, அந்த வருவாய் ஆண்கள் நடத்திய தொழில்களில் இருந்துதான் வந்தது. பெண்கள் நடத்திய தொழில்களில் சராசரியாகப் பலனே இல்லை. பெண்ணுக்குத் திறமை போதாது என்று இதை வாசிப்பது தவறு. வீட்டுச் செலவு பெண் கையிலிருக்கும் காசைத்தான் முதலில் எடுக்கும். பெண்கள் செய்யும் தொழில்கள் சிறியவை, ஒரே தெருவில் நால்வர் செய்பவை. அப்படியிருக்க மாதம் ஐந்து வீதம்கூடத் திரும்பாத தொழிலுக்கு 45 வீத வட்டியில் கடன் எடுக்கச் சொல்வது கொடுமை. 2015இல் ஆறு நாடுகளின் நுண்கடன் ஆய்வுகள் ஒன்றாக வெளிவந்தபோதும், கடனால் சிலர் முன்னேறினாலும் சராசரிக் குடும்ப வருமானத்தில் பெரிய ஏற்றம் தெரியவில்லை.

வீடு கட்டக் கடன் எடுப்பது பற்றி ஒரு சொல். இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபாய் கொடுத்தார்கள். அது போதாமல் கூரைக்கும் கதவுக்கும் கிழமைக் கடன் எடுத்தவர்கள் பலர். வீடு வருமானம் தராது. அங்கே நுண்கடன் நுழையவே கூடாது. அவசரக் காசு என்றால் நகையை வங்கியில் அடைவு வைப்பது அதைவிட மலிவு. நம்பிக்கையான ஆள் பிடிக்கும் சீட்டும் மலிவுதான், தேவை வரும் மாதம் முன்கூட்டியே தெரிந்தால்.

சமூகத் தொழில்முயற்சியின் கணக்கு

யூனுஸ் சொன்ன சமூகத் தொழில் என்பது தர்மமும் இல்லை, இலாபக் கொம்பனியும் இல்லை. முதல் போட்டவர் போட்ட காசை மட்டும் திரும்ப எடுப்பார், பங்கிலாபம் கிடையாது. மிச்சம் முழுதும் தொழிலுக்குள்ளேயே போகும். செலவை விற்பனையே தாங்க வேண்டும். யாழ்ப்பாணத்துக்கு இந்த எண்ணம் புதிதில்லை. மூளாயில் ஊர்மக்கள் கூட்டுறவாக வைத்தியசாலை நடத்தினார்கள். கள் இறக்குவோர் பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்களாகச் சேர்ந்தார்கள். அவர்களுடைய கள்ளுக்குத் திக்கம் வடிசாலை வந்தது. வீரசிங்கம் மண்டபத்தின் பெயரே கூட்டுறவுத் தலைவர் ஒருவருடையது.

புழுக்கொடியலையே எடுப்போம். தையில் எல்லோரும் ஒரே நேரத்தில் கிழங்கு கிண்டுவதால் தெருவோரக் கட்டு அடிமாட்டு விலைக்குப் போகும். அதையே புழுக்கொடியலாக்கி, நன்றாகக் காயவைத்து, ஆவணி வரை வைத்திருந்து கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் அனுப்பினால் விலை வேறு. இந்த இடைவெளியைத் தனியொரு பெண்ணால் காத்திருந்து பிடிக்க முடியாது. கூட்டுத் தொழில் மாசியிலேயே அவருக்குக் காசைக் கொடுத்துவிட்டு, காத்திருக்கும் வேலையைத் தான் எடுத்துக்கொள்ளும். அதன் பயன் முழுதும் இதில் அடங்கியிருக்கிறது.

இதற்கு எவ்வளவு காசு வேண்டும்? 20 பெண்கள், ஆளுக்கு 50 கிலோ, மொத்தம் 1,000 கிலோ. கணக்குக்காகக் கிலோ 800 ரூபாய் என்று வைத்தால், இரண்டு மாதத்துக்குள் 8 இலட்சம் ரூபாயைக் கொள்வனவுக்கு மட்டும் எண்ணி வைக்க வேண்டும். பெரிய கடைகள் சரக்கு எடுத்து 30, 45 நாள் கழித்தே காசு தரும், விற்காததைத் திருப்பியும் அனுப்பும். நன்கொடை கிடைத்ததும் அரைக்கும் மெஷினும் பொதி ஒட்டும் மெஷினும் கட்டடமும் வாங்கிவிட்டு, சரக்கு வாங்கக் கையில் ஒன்றுமில்லாமல் நிற்பதுதான் வழக்கமான விபத்து. மெஷினுக்கு ஒரு பங்கு என்றால் நடைமுறைச் செலவுக்கு மூன்று பங்கு ஒதுக்க வேண்டும். மெஷின் வாங்குமுன் மும்முனை மின்சாரம் அந்த இடத்துக்கு வருமா, அதற்கு என்ன செலவு என்று மின்சாரசபையில் கேட்டு எழுதி வாங்குவது நல்லது.

அடுத்தது ஆள் கூலி. முழுநேர முகாமையாளர் ஒருவருக்கு மாதம் 40,000 என்றால் வருடம் 4 இலட்சத்து 80 ஆயிரம். 1,000 கிலோவில் பிரித்தால் கிலோவுக்கு 480 ரூபாய். எந்தச் சந்தையும் இதைத் தாங்காது. 5,000 கிலோ என்றால் கிலோவுக்கு 96 ரூபாய், தாங்கலாம். ஆகவே 20 பேர் கொண்ட ஒரு சங்கம் தனியாகக் கூட்டுத் தொழில் தொடங்குவது கணக்கில் நிற்காது. ஐந்து சங்கங்கள் சேர வேண்டும். அல்லது வருடத்தின் மற்ற மாதங்களில் பனாட்டு, பனங்கட்டி, வறுத்த மிளகாய்த்தூள், வடகம் என்று அதே ஆளுக்கும் அதே தராசுக்கும் வேலை கொடுக்க வேண்டும். அல்லது ஏற்கெனவே ஆளும் களஞ்சியமும் உள்ள கூட்டுறவுச் சங்கத்தோடு கொள்வனவு ஒப்பந்தம் செய்ய வேண்டும். முடியுமென்றால் மூன்றாவதைத்தான் தெரிய வேண்டும். புதிதாகப் பதிவு செய்வதைவிட அது மலிவு, கணக்காய்வுக்குக் கூட்டுறவு அபிவிருத்தித் திணைக்களமும் இருக்கிறது.

தரம் தவறும் இடம் காயவைப்பது. ஒரு துண்டை முறித்தால் மடக்கென்று சத்தத்தோடு முறிய வேண்டும். வளைந்து நார் இழுத்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. அதைப் பொதி செய்தால் மூன்றாம் கிழமை பூஞ்சணம் பிடிக்கும். தையில் எதிர்பாராத மழை ஒன்று வந்தால் கொடியில் கிடப்பது கறுத்துவிடும், அதற்குப் பொலித்தீன் கூடார உலர்த்தி ஒன்று கட்டாயம். நன்றாகக் காய்ந்ததையும் காற்றுப் புகாமல் வைக்காவிட்டால் உளுத்துவிடும். 20 பேர் கொண்டுவருவதில் ஒருவருடைய ஈரக் கொடியல் கலந்தால் முழு அனுப்புதலும் திரும்பி வரும். ஆகவே நிறுக்கும் இடத்தில், எல்லோருக்கும் முன்னால், ஒவ்வொரு பையிலும் பத்துத் துண்டை முறித்துப் பார்த்து வாங்குவது விதியாக இருக்க வேண்டும். தலைவியின் பைக்கும் அதே பத்து.

பெரியவர்களும் தடுக்கியிருக்கிறார்கள். யூனுஸின் கிராமீனும் பிரான்சின் பால்பொருள் கொம்பனியான டனோனும் சேர்ந்து வங்காளதேசத்தின் பொக்ராவில் ஏழைப் பிள்ளைகளுக்குச் சத்துத் தயிர் செய்தார்கள். 2008இல் பால் விலை ஏறியதும் தயிர் விலையை ஏற்ற வேண்டி வந்தது, கிராமத்து விற்பனை சரிந்தது. பிறகு நகரத்து விற்பனைதான் தொழிலைத் தாங்கியது. கொள்வனவு விலை திடீரென்று ஏறினால் என்ன செய்வது என்பதைத் தொடங்குமுன்னரே எழுதி வைக்க வேண்டும் என்பதற்கு இந்த ஒரு உதாரணம் போதும்.

வெளிநாட்டிலிருந்து ஊர்ச் சங்கங்களூடாக வரும் காசு இங்கே வித்தியாசம் செய்யும். தையல் மெஷினும் மாடும் வாங்கிக் கொடுத்துப் படம் எடுப்பதைவிட, மூன்று வருடத்தில் முதலை மட்டும் திரும்ப எடுக்கும் நிபந்தனையோடு கொள்வனவு நிதியாக 8 இலட்சம் போடுவது அதிக காலம் வேலை செய்யும். திரும்பி வரும் காசு அடுத்த ஊருக்குப் போகலாம். அனுப்புபவர்கள் கேட்க வேண்டியது மாதம் ஒரு பக்கக் கணக்கு: வாங்கிய கிலோ, விற்ற கிலோ, களஞ்சியத்தில் உள்ள கிலோ, வர வேண்டிய காசு.

இரண்டும் பொருந்தாத வீடுகள்

நோயாளி உள்ள வீடு, உழைக்கும் ஆளில்லாத முதியோர் வீடு, ஏற்கெனவே மூன்று கடனில் நிற்கும் வீடு ஆகியவற்றைக் குழுக் கடனில் சேர்ப்பதும் பங்குப் பணம் கேட்பதும் அவர்களை இன்னும் கீழே தள்ளும். அஸ்வெசும போன்ற அரச நலன்புரிக் கொடுப்பனவு, மருந்து, பழைய கடனைப் பேசி நீட்டிப்பது ஆகியவையே முதல் வேலை. உழைக்கக்கூடிய ஆள் இருந்தால், கடனாக இல்லாமல் ஒரு சொத்து, சில மாதச் சாப்பாட்டுக் காசு, கிழமை தோறும் வந்து பார்க்கும் பயிற்சியாளர் என மூன்றையும் சேர்த்துக் கொடுக்கும் முறையை வங்காளதேசத்தின் பிராக் என்ற தொண்டு நிறுவனம் தொடங்கியது. ஆறு நாடுகளில் சோதித்து 2015இல் வெளியான ஆய்வில், திட்டம் முடிந்து ஒரு வருடத்துக்குப் பிறகும் அந்தக் குடும்பங்களின் வருமானமும் சாப்பாடும் மேலேயே நின்றன. செலவு கூடிய வழிதான். ஆனாலும் ஒரு ஊரில் இப்படியான பத்து வீட்டை எடுத்துச் செய்வது சங்கத்தாலும் புலம்பெயர்ந்தவர்களாலும் சேர்ந்து முடியும்.

முடிவெடுக்கும் கூட்டத்தை ஆனியில் வைக்க வேண்டும். ஆடி, ஆவணியில் பனம்பழம் விழத் தொடங்கிவிடும், கொட்டை சேர்க்கக் காசு தேவைப்படும். அந்தக் கூட்டத்துக்கு ஒவ்வொருவரும் பன்னிரண்டு மாதத்தின் வரவையும் செலவையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டுவரட்டும். வரவு கிழமை தோறும் விழும் தாள்களை ஒரு பக்கம் வையுங்கள். அவர்களுக்குச் சங்கக் கடன், 20,000, 30,000 அளவில். வரவு வருடத்தில் ஓரிரு மாதத்தில் மட்டும் விழும் தாள்களை மறுபக்கம் வையுங்கள். அவர்களுக்காகக் கொள்வனவு ஒப்பந்தம் பேச இரண்டு பேரை அன்றே தெரிந்து அனுப்புங்கள். புரட்டாசியில் பாத்தி போடுமுன் விலையும் எடையும் காசு தரும் நாளும் எழுத்தில் கையில் இருக்க வேண்டும்.